சிக்கனப் பயணமும் ஒரு சிதைந்த கோயிலும்

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதப் பாடசாலை விடுமுறைக்கு எங்காவது வெளிநாடு செல்லவேண்டும் என்று என் மகள் ஓராண்டு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சேமிப்போ மூன்று பேரின் மலிவு விமானச் சீட்டுக்கும் பத்து நாட் செலவுக்கும் மட்டுமட்டாகவே போதும். கம்போடியாவின் ஆங்கோர் கோயில்களைப் பார்க்கலாம் என்பதே முதல் எண்ணம். விசாரித்ததில், அங்கே ஒரு நாள் நுழைவுச் சீட்டு ஆளுக்கு 37 அமெரிக்க டொலர். மூன்று நாளுக்கு 62. மூன்று பேருக்கு மூன்று நாள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். வியட்நாமில் மி சோன் என்னுமிடத்திலுள்ள பழைய சிவாலயங்களுக்கோ நுழைவுச் சீட்டு 150,000 டொங். அந்த எண்ணைக் கண்டு மகள் முதலில் திடுக்கிட்டாள். அது ஏறத்தாழ ஒன்பது அவுஸ்திரேலிய டொலர்தான் என்றதும் அவளே பயணத்தை முடிவு செய்துவிட்டாள்.

மனைவிக்கு வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை. ஆகவே மூன்றாவது ஆள் என் தந்தையார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. இலங்கையில் கட்டடத் திணைக்களத்தில் ஓவசியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மெல்பேண் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும், புதிதாக எழும் எந்தக் கட்டடத்தைக் கடந்து சென்றாலும் நின்று குறை கண்டுபிடிக்காமல் வரமாட்டார். அவரை அழைத்துச் சென்றதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரையை எழுதுவதிற் பயனில்லை.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ள ஒரு சிறு கிராமம். 1990ஆம் ஆண்டு போரின்போது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. கோயிற் காணி 2018இல் விடுவிக்கப்பட்டபோது ஊரிலிருந்து படங்கள் வந்தன. எங்கள் பிள்ளையார் கோயிலின் மகாமண்டபம் குண்டு விழுந்து தரைமட்டமாகியிருந்தது. கருவறையின் மூன்று சுவர்கள் மட்டும் நின்றன. ஒரு சுவரை அரசமரத்தின் வேர் பிளந்திருந்தது. பீடம் இருந்தது, மூலவர் இல்லை. படத்தை என் தந்தையார் சிறிது நேரம் பார்த்தார். பின்னர் அதை மேசையிற் குப்புற வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பின் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

பல நாடுகளிலும் வாழும் எங்கள் ஊரவர் ஒன்றுகூடித் திருப்பணி ஒன்றைத் திட்டமிட்டார்கள். நின்ற சுவர்களையும் இடித்துச் சமன்செய்து, ஐந்து நிலை இராசகோபுரத்துடன் கொங்கிறீற்றில் ஒரு புதிய கோயில் எழுப்புவது என்பது திட்டம். மெல்பேண் கிளையின் பொருளாளர் பொறுப்பு எனக்கு வந்தது. வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்தேன். என் சொந்த வீட்டிலோ தந்தையார் ஒரு சதமும் தர மறுத்துவிட்டார். காரணமும் சொல்லவில்லை. “உங்கட அப்பாவே இன்னும் தரேல்லையோ?” என்று ஒருவர் ஒரு திருமண வீட்டிற் பலர் முன்னிலையிற் கேட்டபோது எனக்குத் தலை குனிந்தது. ஆறு ஆண்டுகளாக இந்த ஒரு விடயத்தில் நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியூருக்குப் போனால் மனிதர் மனம் திறப்பார் என்ற நப்பாசை எனக்கு.

சைகோன் என்று நம்மவர் இன்னும் அழைக்கும் ஹோ சி மின் நகரில் இறங்கி, உள்நாட்டு விமானத்தைத் தவிர்த்துப் புகையிரதம் ஏறினோம். தா நாங் நகருக்கு 935 கிலோமீற்றர். அறை ஒன்றுக்கு ஆறு படுக்கைகள், மெத்தை மெல்லியது. கீழ்ப் படுக்கை தந்தையாருக்கு, நடுப் படுக்கை எனக்கு, கூரையோடு ஒட்டிய மேற்படுக்கை மகளுக்கு. அதிற் படுத்தபடி அவள் தன் தமிழ்ப் பாடசாலை ஒப்படைக்காகக் குறிப்பெழுதிக்கொண்டு வந்தாள். மனைவி கட்டித்தந்த பயற்றம் பணியாரம் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. எதிரே இருந்த வியட்நாமிய மூதாட்டி ஒருவருக்குத் தந்தையார் இரண்டு கொடுத்தார்; அவர் பதிலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். மரக்கறி உணவு உண்போருக்கு ஒரு செய்தி: அங்கே “சாய்” என்ற ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருந்தாற் போதும். பௌத்தர்களான அந்நாட்டு மக்களிற் பலர் அமாவாசைக்கும் பூரணைக்கும் மச்சம் தவிர்ப்பதால், சிற்றூர்களிலும் சாய் கடை இருக்கும். நம்முடைய இடியப்பத்துக்கு உடன்பிறப்பைப் போன்ற “பான் ஹோய்” என்ற ஒன்றையும் கண்டோம். சொதி மட்டுந்தான் இல்லை.

நண்பகலளவில் தாப் சாம் என்றொரு நிலையத்தில் வண்டி நின்றது. அப்பெயருக்குச் சாம் மக்களின் கோபுரம் என்பது பொருள். அருகிலேயே, வெற்றிலைக் குன்று என்று பெயர்பெற்ற சிறிய குன்றின்மேற் செங்கற் கோபுரங்கள் வெயிலிற் சிவந்து நின்றன. அது போ குலோங் கராய் என்னும் கோயில். அரசன் ஒருவனின் முகம் செதுக்கிய முகலிங்கம் அதனுள் இருக்கிறது. அவ்வட்டாரத்துச் சாம் மக்கள் இன்றும் அங்கே வழிபடுகிறார்கள். ஆண்டுதோறும் காத்தே என்னும் திருவிழாவும் எடுக்கிறார்கள். மகள் இதை வழிகாட்டி நூலிலிருந்து உரக்கப் படித்தாள். “இண்டைக்கும் கும்பிடுகினமோ?” என்று தந்தையார் இருமுறை கேட்டார். வண்டி நகர்ந்த பின்னரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாம் மக்களைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். இன்றைய வியட்நாமின் நடுப் பகுதியிலும் தென் பகுதியிலும் கடலோரமாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது சம்பா அரசு. சம்பா என்றதும் மகள் அரிசியா என்று கேட்டாள். சிரிக்க வேண்டியதில்லை. அந்நாட்டின் விரைவில் விளையும் நெல் 1012ஆம் ஆண்டிற் சீனப் பேரரசரால் அவர் நாட்டு உழவருக்கு வழங்கப்பட்டு, சீனத்தின் வேளாண்மையையே மாற்றியது. சம்பா மன்னர்கள் சிவனை வழிபட்டார்கள். சமஸ்கிருதத்திலும் தம் தாய்மொழியாகிய சாம் மொழியிலும் கல்வெட்டுகள் பொறித்தார்கள். அவ்வெழுத்துத் தென்னிந்திய எழுத்துகளின் வழிவந்தது. பல்லவர் கால எழுத்துக்கு உறவுடையது. வடக்கிலிருந்து வந்த வியட்நாமிய அரசிடம் 1471இல் அவர்களின் தலைநகர் விஜயா வீழ்ந்தது. பின்னர் அவர்கள் சிறிது சிறிதாகத் தெற்கே ஒதுங்கிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

“அப்ப இதெல்லாம் சோழர் கட்டினதுதானே?” என்றார் தந்தையார். கடல் கடந்து எங்கே ஒரு லிங்கத்தைக் கண்டாலும் அதைச் சோழன் வைத்ததாகச் சொல்லிவிடுவது நம்மவரின் வழக்கம். அல்ல என்றேன். மி சோனில் முதற் கோயில் எழுந்தது நான்காம் நூற்றாண்டின் இறுதியில். இராசராசன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு. கட்டியவர்கள் அந்த மண்ணின் மக்கள். தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அங்கில்லை. நம்முடையதன்று என்பதனால் அதன் பெருமை குறைந்துவிடுமா என்ன? தந்தையார் இதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. “ஐடியா எங்கடதாயிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தா நாங்கில் ஆற்றங்கரையோரமாக 1919ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாம் சிற்ப அருங்காட்சியகம் உள்ளது. மி சோனுக்குப் போவோர் இதை முதலிற் பார்ப்பது நல்லது. ஏனென்றால் அங்கிருந்த சிற்பங்களிற் சிறந்தவை பல இங்கேதான் இருக்கின்றன. முனிவர்களின் அன்றாட வாழ்வைச் செதுக்கிய பெரிய மணற்கற் பீடம் ஒன்று உண்டு. ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் போதிக்கிறார், மற்றொருவருக்கு யாரோ உடம்பு பிடித்து விடுகிறார்கள். மகள் அதன் முன் அரை மணி நேரம் நின்று படம் வரைந்தாள்.

அதே மண்டபத்தின் ஒரு புறத்தில் நின்ற கோலத்தில் ஒரு பிள்ளையார். மி சோனிலிருந்து கொண்டுவரப்பட்டவர். கைகளிற் சில உடைந்திருந்தன. தந்தையார் காலணியைக் கழற்றினார். காவலாளி ஒருவர் அருகில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விலகினார். தலையிற் குட்டிக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட்ட பின், மகளிடம் திரும்பிச் சொன்னார்: “இவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்தான், பிள்ளை.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளையாரைப் பற்றி ஆறு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து வந்த முதற் சொல் அது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஹோய் ஆன் என்னும் பழைய துறைமுக நகரில், குடும்பமொன்று நடத்தும் சிறு விடுதியில் மூவருக்கும் ஒரே அறை எடுத்தோம். அங்கிருந்து மி சோனுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். தனி வாகனம் பிடித்தாற் செலவு மிகும். ஆகவே வேறு பயணிகளோடு ஒரு சிற்றூர்தியில் இடம் எடுத்தோம். விடியுமுன் புறப்பட்டோம். ஏப்பிரலில் அங்கே பத்து மணிக்கு மேல் வெயில் தாங்க முடியாது. நெல் வயல்களையும் எருமைகளையும் வயலோரத்துக் கல்லறைகளையும் கடந்து, மலைகள் நாற்புறமும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கினுள் நுழைந்தோம். மி சோன் என்றால் அழகிய மலை என்று பொருள். பூனையின் பல்லைப் போல உச்சி கூர்ந்த மலை ஒன்று கோயில்களுக்குப் பின்னே நிற்கிறது.

பத்திரவர்மன் என்னும் அரசன் இங்கே முதலில் ஒரு லிங்கத்தை நிறுவி, தன் பெயரையும் ஈசனின் பெயரையும் சேர்த்துப் பத்திரேசுவரர் என்று பெயரிட்டான். தஞ்சைப் பெரிய கோயில் இராசராசேச்சரம் என்று பெயர் பெற்றதைப் போன்றதே இது. மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை இறைவனுக்கு எழுதி வைத்து, தனக்குப் பின்வரும் அரசர் இதை அழிக்கலாகாது என்று கல்வெட்டில் இரந்து கேட்டிருக்கிறான். அந்த முதற் கோயில் தீக்கிரையானது. ஏழாம் நூற்றாண்டளவிற் சம்புவர்மன் செங்கல்லால் மீண்டும் எழுப்பி, முன்னோன் பெயரையும் விட்டுவிடாமற் சம்புபத்திரேசுவரர் என்று பெயரிட்டான். பின்வந்த மன்னர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்கள் கட்டினார்கள். லிங்கத்துக்குச் சிவமுகம் பதித்த பொற்கவசங்கள் அளித்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. சம்பா வீழ்ந்த பின் காடு மூடிக்கொண்டது. 1898இற் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் ஹென்றி பார்மந்தியே என்ற அறிஞர் வந்து, கோயில்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளால் ஏ, பி, சி என்று பெயரிட்டு, அளந்து, வரைந்து வைத்தார். அவர் வரைந்து வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பின்னால் விளங்கும்.

பி தொகுதிக் கோயில்களின் முன் நின்றதும் என் தந்தையார் ஓவசியராக மாறிவிட்டார். கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு (தொடலாகாது என்று பலகை இருந்தது), மூக்குச் சுவரில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையிற் சாந்து தெரியவில்லை, மயிரிழை நுழையாது. நம்மூரிற் சுண்ணாம்பையும் பனங்கட்டியையும் சேர்த்து அரைத்த சாந்தைப் பற்றி அவர் மகளுக்கு விளக்கினார். இங்கே பயன்பட்ட ஒட்டு மரப்பிசினாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதாக நான் படித்ததைச் சொன்னேன். இன்னுமொரு வியப்பு: சிற்பங்களைத் தனியே செதுக்கிப் பதிக்கவில்லை, சுவரைக் கட்டி முடித்த பின் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். உளி ஒரு முறை தவறினாற் சுவரே பாழ். பிற்காலத்திற் பழுது பார்க்கும்போது வைத்த புதிய கற்களிற் பாசி படர்ந்திருந்தது. ஆயிரம் ஆண்டு கண்ட பழைய கற்களோ சுத்தமாக நின்றன. “இதைச் சுட்டவன் ஆரெண்டு தெரிஞ்சால் காலிலை விழுவன்” என்றார் தந்தையார். வாழ்நாளில் எந்த மேசனையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து ஏ தொகுதிக்குப் போகும் வழியிற் புல் மூடிய வட்டமான பள்ளம் ஒன்று இருந்தது. மகள் முன்னே ஓடிப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, இது கோயிற் கேணியோ?” என்று கூவினாள்.

அவர் பதில் சொல்லவில்லை. பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. மெல்பேணிற் பிறந்த பிள்ளைக்கு அது கேணியாகத்தானே தோன்றும்.

வியட்நாம் போரிற் போராளிகள் இப்பள்ளத்தாக்கைத் தளமாகக் கொண்டிருந்தனர். 1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் பி-52 விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. பிரெஞ்சு அறிஞர் பிலிப் ஸ்தேர்ன் அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு முறையிட்டு எழுதினார். அதன் பின்னர், 1970இன் தொடக்கத்தில், கோயில்களைத் தாக்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த, இருபது மீற்றருக்கும் மேல் உயர்ந்த ஏ-1 என்னும் கோபுரம், சம்பாவின் சிற்பக் கலையில் முதன்மையானது என்று அறிஞர் போற்றியது, செங்கற் குவியலாயிற்று. இன்று அதன் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் பார்மந்தியேயின் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

போர் முடிந்த பின் கண்ணிவெடிகளை அகற்றும்போதும் உயிர்கள் பலியாயின. 1980களின் தொடக்கத்திற் போலந்து நாட்டிலிருந்து கசிமியேர்ஸ் குவியாத்கோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வந்தார். 1997இல் வியட்நாமிலேயே இறக்கும் வரை இக்கோயில்களைக் காப்பதில் ஈடுபட்டிருந்தார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். முந்திய நாள் நாங்கள் அதன் அருகிலிருந்துதான் தேநீர் குடித்தோம். விழுந்ததைப் புதிதாகக் கட்டி நிறுத்துவது அவருடைய முறையன்று. நிற்பதை விழாமற் காப்பது, விழுந்த கல்லின் பழைய இடம் ஐயமின்றித் தெரிந்தால் மட்டும் அவ்விடத்தில் வைப்பது, அவ்வளவுதான். 1999இல் யுனெஸ்கோ மி சோனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பின்னர் இத்தாலியர் ஒரு தொகுதியைச் செப்பனிட்டார்கள். 2017 முதல் 2022 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் ஏ தொகுதி உள்ளிட்டவற்றில் வேலை செய்தார்கள். அவர்கள் தோண்டியபோது 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மணற்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

ஏ-1 இருந்த இடத்தில் அடித்தளமும் சிறிதளவு சுவரும் நடுவே கற்பீடமுமே எஞ்சியுள்ளன. சுற்றிலும் தூண் துண்டுகளும் வாயிற் கற்களும் நிரைநிரையாக அடுக்கப்பட்டிருந்தன. வெறும் பீடத்தின் முன் தந்தையார் நின்றார். ஊரிலிருந்து வந்த படத்தை நான் நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும். மரநிழலில் இருந்த ஒரு வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“தம்பி, இவங்கள் ஒரு கல்லையும் எறியேல்லை, பாத்தியோ?” என்றார்.

பார்த்தேன் என்றேன்.

“நான் எறிஞ்சனான்.”

பிறகு அவர் சொன்னதை என் நடையிற் சுருக்கித் தருகிறேன். 1976ஆம் ஆண்டு. அவருக்கு முப்பது வயது. ஊரிற் படித்த ஓவசியர் அவர் ஒருவரே. கோயிலின் முன்பக்கத்தில் அப்போது பழைய மண்டபம் ஒன்று இருந்தது. பொழிந்த சுண்ணாம்புக் கற்களால் ஆனது, உயரம் குறைந்தது, உள்ளே இருட்டு. எப்போது கட்டியது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. அதை இடித்துவிட்டுச் சீமெந்தில் உயரமான மகாமண்டபம் கட்டலாம் என்று திட்டம் வரைந்தவர் என் தந்தையார். ஊரின் முதியவர் ஒருவர் மட்டும் எதிர்த்தார். தூண்களில் ஏதோ எழுத்துப் போல இருக்கிறது, யாரையாவது கூட்டிவந்து காட்டிவிட்டு இடியுங்கள் என்று கெஞ்சினார். இளைஞர்கள் சிரித்தார்கள். கற்கள் வண்டியில் ஏற்றப்பட்டு, ஊர்க் கிணறு ஒன்றின் சுற்றுக்கட்டுக்கும் ஒழுங்கை மேடு போடுவதற்கும் போயின. ஒரு படமும் எடுக்கவில்லை. ஒரு வரைபடமும் வரையவில்லை. புதிய மண்டபத்தின் வாசலிற் பொறித்த பெயர்களில் என் தந்தையாரின் பெயரும் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் குண்டு விழுந்தது அந்த மண்டபத்தின் மேல்.

“எல்லாரும் குண்டு இடிச்சதெண்டு சொல்லுகினம். குண்டு விழுறதுக்கு முதலே நான் இடிச்சிட்டன். இப்ப மிச்சமிருக்கிற மூண்டு சுவரையும் நீங்கள் இடிக்கக் காசு கேக்கிறியள்.”

எனக்குப் பேச்சு எழவில்லை. 1990இல் ஊரை விட்டு ஓடிய பின், நான்காம் நாள் அவரும் ஐயரும் சைக்கிளிற் திரும்பிப் போய், உற்சவப் பிள்ளையாரை அரிசிச் சாக்கில் சுற்றிக் கரியரிற் கட்டிக்கொண்டு வந்ததை நான் அறிவேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அவர் தன் உயிரைப் பணயம் வைத்தது பக்தியினால் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதிற் கடன் தீர்க்கும் எண்ணமும் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆயினும் நான் வாதாடாமல் விடவில்லை. மி சோனில் இன்று வழிபாடு இல்லை. பார்க்க வருவோர் மட்டுமே உண்டு. ஆகவே சிதைவைச் சிதைவாகவே காத்து வைப்பது இங்கே பொருந்தும். எங்கள் ஊருக்கு இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது அருங்காட்சியகமா, கோயிலா? மழைக்கு ஒதுங்கவும் ஒரு திருவிழா எடுக்கவும் இடம் வேண்டாமா என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. புகையிரதத்திற் கண்ட குன்றுக் கோயிலை நினைவூட்டினார். “அங்கை பழசும் இருக்கு, கும்பிடுற சனமும் இருக்கு. ஒண்டை வைச்சிருக்க மற்றதை இடிக்க வேணுமெண்டு ஆர் சொன்னது? சுவரைப் பிளந்த வேரைப் பக்குவமாய் எடுக்கலாம். மூண்டு சுவரோடை நாலாவதைக் கட்டலாம். மேலை ஒரு கூரை. முதல்லை விளக்கு எரியட்டும். கோபுரம் பிறகு பாப்பம்.”

“பழுதுபட்ட கருவறையைத் திருத்திப் பிரதிட்டை செய்ய ஆகமம் இடம் தருமோ?”

“அதை ஐயரிட்டைக் கேள். என்னட்டை ஏன் கேக்கிறாய்?”

அதற்குள் மகள் வந்துவிட்டாள். டி தொகுதி மண்டபத்தில் சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே வெடிகுண்டுக் கோதுகளையும் வைத்திருக்கிறார்கள் என்றும், அந்தப் பள்ளம் கேணியன்று என்று ஏன் தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றும் முறையிட்டாள். அவளைப் பக்கத்தில் இருத்தி, அப்பப்பா 1990ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சைக்கிள், சாக்கு, பிள்ளையார், எல்லாவற்றையும் சொன்னார். 1976ஐயும் ஒளிக்காமற் சொன்னார். எங்கள் சிற்றூர்தி புறப்படும் நேரமாகிவிட்டது. சாரதி இரண்டு முறை ஆளனுப்பினார். தாமதத்துக்கு மற்றப் பயணிகளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மெல்பேண் திரும்பியதும் சங்கக் கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைத்தேன். வரவேற்பு இருந்தது என்று சொல்ல முடியாது. ஐந்து நிலைக் கோபுரத்துக்கென்று பணம் தந்தவர்கள் தம் பணத்தைத் தகரக் கூரைக்குச் செலவிடுவதா என்று கேட்டார்கள்; அக்கேள்வியில் நியாயமும் உண்டு. பொருளாளர் தகப்பனுக்காகப் பேசுகிறார் என்றும் ஒருவர் சொன்னார். நீண்ட விவாதத்தின் பின், கோபுரத்துக்கான பணத்தைத் தொடாமல் வைத்து, சுவர்களைக் காப்பதற்கு வேறாகப் பணம் சேர்ப்பது என்றும், ஐயரிடமும் கட்டடப் பொறியியலாளர் ஒருவரிடமும் கருத்துக் கேட்பது என்றும் முடிவாயிற்று. இரண்டாவது பட்டியலில் முதற் பெயர் என் தந்தையாருடையது. தொகையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

ஊரிலோ எங்கள் முடிவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. சில மாதங்களின் பின் ஒரு படம் வந்தது. அரசமர வேர் வெட்டப்பட்டிருந்தது. மூன்று சுவர்களுக்கும் மேலே மரச் சட்டங்களில் தகரம் போட்டிருந்தார்கள். பீடத்தின் மேல் ஒரு நிறைகுடம். பக்கத்தில் விளக்கு எரிந்தது. நான் படத்தைத் தந்தையாரிடம் நீட்டினேன். இம்முறை அவர் குப்புற வைக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“தகரத்தின்ரை சாய்வு பிழை” என்றார். “மாரித் தண்ணி முழுக்க வடக்குச் சுவரிலைதான் ஊத்தும். பேனையை எடு, தம்பி. ஒரு கடிதம் எழுத வேணும்.”